பட்டி நாய்க்கும் வீட்டு நாய்க்கும் கருத்தடை: செய்யலாமா, எப்போது செய்யலாம்?

மூலனூர் பட்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மூலனூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம் இருக்கிறது. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பகலெல்லாம் செம்மறிகளை மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் படல் கட்டிய பட்டியில் அடைக்கும் பண்ணயம் எங்களுடையது. காவலுக்கு இரண்டு நாய்கள் இருக்கின்றன. ஒன்று ராஜபாளையக் கலப்புள்ள கடுவன், அதாவது ஆண் நாய்; ஒன்றேகால் வயதாகிறது. மற்றொன்று நாட்டுப் பெட்டை. ஒரு வயதுகூட ஆகவில்லை, இந்தப் புரட்டாசியில்தான் முதன்முறையாகப் பருவத்துக்கு வந்து இப்போது அடங்கியிருக்கிறது. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் மகள் ஒரு லாப்ரடார் பெட்டைக் குட்டியை வளர்க்கிறாள். அதற்கு ஆறு மாதம் ஆனதும் கருத்தடை அறுவை செய்துவிடலாம் என்று அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, பட்டி நாய்களுக்கும் செய்துவிடுங்கள் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பெரியப்பாவோ, காயடித்த நாய் பட்டியோரம் சுருண்டு தூங்குமே ஒழிய நரியையும் விரட்டாது, ஊர் நாயையும் விரட்டாது என்கிறார்.

செலவுக்குப் பயந்து நான் தயங்கவில்லை. காவல் கெடுமா, நாயின் உடம்புக்கு அது நல்லதா, மூன்று நாய்களுக்கும் ஒரே விடைதானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாய் வைத்துப் பண்ணயம் பார்ப்பவர்களும் மருத்துவம் தெரிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவிரிக்கரையான்

தம்பி, உங்கள் பெரியப்பா சொல்வதில் பொருள் இருக்கிறது. எருதுக்குக் காயடிக்கிறோம், ஏரிலும் வண்டியிலும் அடங்கி நடக்க வேண்டும் என்பதற்காக. கிடாய்க்குக் காயடிக்கிறோம், சதை போட வேண்டும் என்பதற்காக. அடக்கமும் சதையும் பட்டி நாய்க்கு எதற்கு? காங்கேயம் மாட்டிலேயே இனவிருத்திக்குப் பூச்சிக்காளையாக நிறுத்துவதை யாரும் காயடிப்பதில்லை. நல்ல பட்டி நாய் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. இன்ன தோட்டத்து நாய் நன்றாகக் காவல் காக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த வகையில் குட்டி விழும் வரை காத்திருந்து, முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கி வருகிறோம். எல்லாரும் அறுத்துப் போட்டுவிட்டால் அடுத்த நாய்க்கு எங்கே போவது? பெட்டையைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. கடுவன்மீது கை வைக்காதீர்கள்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்

பெரியவர் சொன்ன எருதிலிருந்தே தொடங்குகிறேன். காயடித்த பிறகும் எருது பாரம் இழுக்கிறது. பசுவைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதை மட்டும்தான் நிறுத்துகிறது. நாயிலும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது. பட்டிக் காவல் என்பது விதையிலிருந்து வருவதாக இருந்தால் பெட்டை நாய்கள் காவலே காக்கக் கூடாது. ஆனால் கடுவனைவிடப் பெட்டைதான் கண் அயராமல் படுத்திருக்கும் என்று என்னிடம் சொன்ன பட்டிக்காரர்கள் பலர். குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாக வளர்வதும், தான் படுக்கும் இடத்தைத் தன்னுடையதாக நினைப்பதும்தான் காவலுக்கு அடிப்படை. அமெரிக்காவில் ஆட்டு மந்தைக்கு வைக்கும் பெரிய காவல் நாய்களுக்கும் கருத்தடை செய்து வைத்திருப்பது வழக்கமான ஒன்று. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களில் பெரும்பாலானவற்றைக் கருத்தடை செய்தபின்னரே பணிக்கு அனுப்புகிறார்கள்; அவற்றைவிடக் கருத்தாக வேலை செய்யும் நாயைக் காண்பது அரிது.

கடுவனில் குறைவது எது என்றால், பெட்டையைத் தேடி மைல் கணக்கில் அலைவதும், கண்ட இடமெல்லாம் காலைத் தூக்குவதும், பெட்டைக்காக மற்றக் கடுவன்களோடு கடிபடுவதும்தான். அவையும் உடனே நிற்பதில்லை. பல நாள் பழகிப்போன நாயிடம் பழக்கம் மிச்சமிருக்கும். பயத்தினால் கடிக்கும் நாய்க்கு அறுவையால் எந்தப் பயனும் கிடைக்காது, சிலவற்றில் அச்சம் கூடவும் செய்யலாம். ஆகவே ஆளைக் கடிக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் நாயை அறுவைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

சதை போடும் என்று பெரியவர் சொன்னது உண்மை. அறுவைக்குப் பின் நாயின் உடம்புக்குத் தேவைப்படும் தீனி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவிலேயே சோறு வைத்தால் நாய் உருண்டுதான் போகும். பட்டி நாய் இரவெல்லாம் சுற்றுவதால் இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. அடுக்குமாடியில் இருக்கும் லாப்ரடார் விஷயத்தில்தான் கவனம் தேவை. அந்த இனத்துக்குத் தின்பதில் நிறைவே கிடையாது.

பெட்டைக்கு வருவோம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் நான் அதிகம் அஞ்சுவது கருப்பையில் சீழ் கட்டுவதைத்தான். பருவம் அடங்கி ஓரிரு மாதம் கழித்து, நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வாந்தி எடுக்கும், தீனியில் வாய் வைக்காது. சிலவற்றுக்குப் பின்புறம் சீழ் ஒழுகும், சிலவற்றுக்கு ஒழுகாமல் உள்ளேயே தங்கி உயிரை வாங்கிவிடும். ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. அறுவை செய்த நாய்க்குக் கருப்பையே இல்லாததால் அந்தக் கவலை கிட்டத்தட்ட முழுதாகவே தீர்கிறது. மடியில் வரும் கட்டிக்கும் அறுவைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு பழைய கணக்கை எல்லாரும் ஒப்பிப்பார்கள். முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்தால், செய்யாத நாய்க்குள்ள ஆபத்தில் நூற்றில் அரைப் பங்கே இருக்கும், ஒரு பருவம் கண்டபின் செய்தால் 8 பங்கும் இரண்டு கண்டபின் செய்தால் 26 பங்கும் இருக்கும் என்பது 1969-இல் வெளிவந்த கணக்கு. 2012-இல் அந்த வகை ஆய்வுகளை ஒருசேரச் சலித்தவர்கள், சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்று எழுதினார்கள். பயன் உண்டு என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அந்த எண்களை வேதவாக்காக வைத்துக்கொண்டு சின்னஞ்சிறு குட்டியை அவசரப்பட்டு மேசையில் ஏற்ற மாட்டேன்.

தீமையையும் சொல்லியாக வேண்டும். அறுவை செய்த பெட்டைகளில் சிலவற்றுக்கு, குறிப்பாகப் பெரிய உடம்புள்ளவற்றுக்கு, வயதான காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியும். மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். எலும்பு, மூட்டுப் பற்றிய சேதி கொஞ்சம் நீளமானது. அதைத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் பெட்டை பருவத்தில் இருந்தபோது கடுவன் எங்கே இருந்தது?

அந்தியூர் மேய்ச்சல்

மருத்துவர் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டார். பட்டிக்குள் நடப்பதை நான் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டை பருவத்துக்கு வந்தால், சுற்று வட்டாரத்துக் கடுவன்கள் அத்தனையும் வாசனை பிடித்து வந்து சேரும். ஒரு முறை எங்கள் பட்டியில் பெட்டையைக் கட்டுத்தறியில் கட்டி வைத்திருந்தோம். நடுச்சாமத்துக்கு மேல் கிளுவை வேலியில் ஆட்டுக்குட்டி நுழையும் அளவு சந்து இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக நுழைந்து வந்த நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு படல்மீது விழுந்தன. அவை ஆட்டைத் தொடக்கூட இல்லை. சத்தத்தில் வெருண்ட ஆடுகள் மொத்தமும் எதிர் மூலைக்குப் போய் ஒன்றன்மீது ஒன்று ஏறின. டார்ச் அடித்துப் பார்த்தபோது மூலையில் பிறந்து ஒரு வாரமான குட்டிகள் மிதிபட்டு நசுங்கிக் கிடந்தன. தாய் ஆடு ஒன்று நசுங்கிய குட்டியை மோந்துகொண்டே கனைத்தது. எங்கள் காவல் நாயோ, காவலை மறந்து அந்தக் கடுவன்களோடு சண்டையில் இருந்தது. அடுத்த பருவத்துக்கு முன் அந்தப் பெட்டைக்கு அறுவை செய்துவிட்டோம். இன்றும் அதுதான் எங்கள் பட்டியின் முதல் காவல். காவல் கெடும் என்பவர்கள், பருவம் வந்த பெட்டையைப் பட்டியில் வைத்திருந்தால் கெடும் காவலைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூலனூர் பட்டிக்காரர்

டாக்டர் ஐயா, பெட்டையை டிராக்டர் நிற்கும் தகரக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தோம். கடுவன் வெளியில் இருந்தது. ஊர் நாய்களும் வந்து கொட்டகையைச் சுற்றிப் படுத்திருந்தன. ஒரு நாள் விடியலில் பார்த்தால், தகரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து வைத்திருந்தது. உள்ளிருந்து பறித்ததா வெளியிலிருந்து பறித்ததா என்று தெரியவில்லை. பெட்டை உள்ளேதான் இருந்தது.

நாமக்கல் கால்நடை மருத்துவர்

அப்படியானால் முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் சினை தெரிந்துவிடும். நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான் என்பதால் அதிகம் தள்ளிப்போட வேண்டாம். சினை இல்லை என்றால், பருவம் அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து, அதாவது மார்கழி, தையில் அறுவைக்குக் கொண்டுவரலாம். பருவத்தின்போதும் அதை ஒட்டியும் இரத்தக் குழாய்கள் தடித்திருக்கும். இரத்தப்போக்கு ஆபத்து கூடுதல்.

இப்போது எலும்பைப் பற்றி. நீள எலும்பின் முனையில் வளரும் பகுதி மூடிக்கொள்வதற்குப் பாலின ஹார்மோன்களின் கட்டளை வேண்டும். அவற்றைச் சிறுவயதிலேயே நீக்கிவிட்டால் எலும்பு இன்னும் கொஞ்ச காலம் நீண்டுகொண்டே போகும். மூட்டின் பொருத்தம் மாறும். சின்ன நாய்களில் இதனால் பெரிய பாதிப்பில்லை. பெரிய இனங்கள் பலவற்றில் இடுப்பும் முழங்காலும் கெடும் வாய்ப்பு கூடுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2013-இல் கோல்டன் ரெட்ரீவரை ஆராய்ந்து இதைச் சொன்னார்கள்; 2020-இல் 35 இனங்களுக்கு விரித்தார்கள். அதன்படி லாப்ரடார் பெட்டைக்கு ஒரு வயதை ஒட்டிச் செய்வது நல்லது, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது வரை பொறுக்கலாம். ஆகவே உங்கள் மகளின் குட்டிக்கு ஆறு மாதத்தில் அவசரப்பட வேண்டாம் என்பேன். அடுக்குமாடியில் வார் இல்லாமல் வெளியே போகாத நாய். ஒரு பருவத்தைச் சமாளித்துக்கொள்ள முடியும். அங்குள்ள மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கலந்து பேசச் சொல்லுங்கள். நாயைக் கண்ணால் பார்ப்பவர் அவர்தான்.

நம் நாட்டு இனங்கள் எதுவும் அந்த 35-இல் இல்லை. ராஜபாளையம் உயரமும் கனத்த எலும்பும் உள்ள நாய் என்பதால், பெரிய இனங்களுக்குச் சொன்னதை ஒட்டியே நான் முடிவெடுப்பேன். உங்கள் கடுவனுக்குச் செய்வதாக இருந்தாலும் இரண்டு வயதை நெருங்கட்டும்.

ஈரோடு புதியவன்

இடையில் ஒரு சிறு கேள்வி. எங்கள் வீட்டு பக் நாய்க்கு ஒரு விதை இறங்கவே இல்லை. அதற்கும் வயது பார்த்துக் காத்திருக்க வேண்டுமா? பெட்டைக்குப் பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடலாம் என்றும் கடைக்காரர் ஒருவர் சொன்னார்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்

உள்ளே தங்கிய விதையில் பிற்காலத்தில் கட்டி வர வாய்ப்பு மிக அதிகம். வளர்ந்த பிறகு இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அந்த நாயைக் குட்டிக்கும் விடக் கூடாது, குறை வழிவழியாக வரும். பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியை நான் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன கருப்பைச் சீழை வரவழைப்பதில் அந்த ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதர்களுக்குரிய கருத்தடை மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பல்லடம் சுப்பு

ஊர் நாய் பெருகுவதற்கு நம் தோட்டத்துப் பெட்டைகள் மட்டுமா காரணம்? செத்த பிராய்லர் கோழியையும் கோழிக்கடைக் கழிவையும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் வரை, எத்தனை நாய்க்கு அறுவை செய்தாலும் அங்கே கூட்டம் சேரும். கோழித் தசையில் ருசி கண்ட கூட்டம்தான் பிறகு பட்டிக்கு வருகிறது.

சிங்காநல்லூர் வாசகி

சுப்பு அண்ணா சொல்வது சரி. ஆனால் அந்தக் கழிவு மேட்டில் நிற்கும் நாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பாதிக் கதை நம் தோட்டங்களில்தான் இருக்கிறது. ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் விழுந்தால் கடுவன் குட்டிகளை மட்டும் ஆள் வந்து எடுத்துப் போகிறார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி, சந்தைத் திடலிலோ வாய்க்கால் கரையிலோ விட்டுவிடுகிறார்கள். பிழைத்த குட்டி அடுத்த ஆண்டு ஈனுகிறது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியில் உக்கடம் மையத்துக்கு நாய்களைக் கொண்டுபோய் வருபவள் என்ற முறையில் சொல்கிறேன், கழுத்தில் கயிற்றுத் தழும்போடு வரும் பெட்டைகள் ஏராளம். அவை ஒரு காலத்தில் யாரோ கட்டி வளர்த்தவை.

நாய்கள் கடித்துச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டுக் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் போராடினார்கள். அவர்களுடைய வேதனையில் எனக்கு மறுப்பே இல்லை. 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் தெருநாய்களின் பொறுப்பு உள்ளாட்சியைச் சேர்ந்தது என்று இருக்கிறது; வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்குவதும் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் உரிமையாளர் பொறுப்பு என்றும் அதே விதிகளில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் நாம் உரக்கப் பேசுகிறோம்.

கடுவனைப் பற்றியும் ஒரு சொல். அலையும் கடுவன்களிடம் புணர்ச்சியால் ஒட்டும் கட்டி ஒன்று பரவுகிறது. குறியிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் விழும். பூக்கோசு போலச் சதை வளர்ந்திருக்கும். வாரம் ஒரு முறை வின்கிறிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிறது, ஆனால் பல வாரம் விடாமல் போட வேண்டும். தோட்டத்திலிருந்து இரவில் காணாமல் போய் விடியலில் திரும்பும் கடுவனை வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பொள்ளாச்சி கன்னி வளர்ப்பவர்

நான் கன்னி, சிப்பிப்பாறை என்னும் நாட்டு வேட்டை நாய் இனங்களை வளர்க்கிறேன். நல்ல வகையைக் காக்க வேண்டும் என்று காவிரிக்கரை ஐயா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்தினார்கள். தபால்தலையால் இனம் வாழாது, வளர்ப்பவர் கையில்தான் வாழும். ஆனால் வகையைக் காப்பது என்றால் எந்தப் பெட்டைக்கு எந்தக் கடுவன் என்று தேர்ந்து, பருவத்தின் முதல் நாளிலிருந்து பெட்டையைக் கண்காணித்து, நாள் பார்த்துச் சேர்ப்பது. திறந்த தோட்டத்தில் அது நடப்பதில்லை. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று கடுவன்களோடு பெட்டை சேர்ந்தால், ஒரே ஈற்றில் வேறுவேறு தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் இருக்கும். அந்தக் குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்ன கடுவனின் வாரிசு என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? நான் ஈற்றுக்கு நிறுத்தும் நாய்கள் சில. மற்றவற்றுக்கு வளர்ந்து முடிந்ததும் அறுவை செய்துவிடுகிறேன்.

மயக்க மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொழுப்பே இல்லாத ஒல்லி உடம்புள்ள ஓட்ட நாய்களுக்குப் பழைய தயோபென்டோன் மயக்கம் ஒத்துவராது. தெளிய வெகு நேரம் ஆகும். கிரேஹவுண்டில் இது நன்கு அறியப்பட்டது. கன்னி, சிப்பிப்பாறை, அவற்றின் கலப்பு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் இனத்தைச் சொல்ல வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவர்

சரியாகச் சொன்னீர்கள். அதோடு இன்னொன்று. நம் பக்கத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சல் மறைந்திருப்பது சாதாரணம். நாய் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும்; இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். பட்டியில் உண்ணி மொய்க்கும் நாயாக இருந்தால், அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். குறைவாக இருந்தால் மருந்து கொடுத்துச் சரிசெய்துவிட்டுப் பிறகு செய்யலாம்.

மூலனூர் பட்டிக்காரர்

தாராபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம். பெட்டை சினையாக இருக்கிறது. நான்கு குட்டிகளாவது இருக்கும் என்கிறார்கள். பெரியப்பா மகிழ்ச்சியில் இருக்கிறார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதே அறுவை செய்தால் குட்டிகளும் போகும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குட்டிகளைச் சாக்கில் கட்டி விடுவதாக வாசகி சொன்ன கதையும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஈன்று முடித்தபின் எப்போது செய்யலாம்? அறுவை முடிந்து சாணியும் புழுதியுமான பட்டியில் நாயை எப்படி வைத்திருப்பது?

நாமக்கல் கால்நடை மருத்துவர்

சினையோடு அறுவை செய்வதும் மருத்துவத்தில் உண்டு; செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஈனவிடுவது என்று தீர்மானித்தால், வயது குறைந்த நாய் என்பதால் ஈற்றின்போது ஆள் கூட இருக்க வேண்டும். குட்டிகள் பால் மறக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதன்பின் மடி வற்றச் சில வாரம் விட்டு அறுவை செய்யலாம். அடுத்த பருவம் வருவதற்குள் செய்துவிட வேண்டும்.

அறுவைக்கு முந்தைய இரவுச் சோற்றோடு தீனியை நிறுத்திவிடுங்கள். திரும்பி வந்தபின் தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அந்த நாள்களில் நாயைப் பட்டிக்கு விடாமல், சாளை (தோட்டத்து வீடு) திண்ணையிலோ சிமெண்டுத் தரை உள்ள இடத்திலோ, சுத்தமான சாக்கை விரித்துக் கட்டிவையுங்கள்; சாக்கை நாள்தோறும் மாற்றுங்கள். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். ஆட்டுப்பட்டியில் ஈ அதிகம் என்பதால் புழு வைப்பதுதான் நான் பார்க்கும் முதல் தொல்லை. காலையும் மாலையும் வயிற்றைப் புரட்டிப் பாருங்கள். தையல் ஈரமாக இருந்தாலோ நாற்றம் வந்தாலோ உடனே கொண்டுவாருங்கள். பினாயில், வேப்பெண்ணெய், மஞ்சள் என்று எதையும் தையலின்மீது போட வேண்டாம். ஈயை விரட்டும் மருந்து எதை, எங்கே அடிக்கலாம் என்பதை அறுவை செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடுவனுக்கு எப்போதாவது செய்தால் ஒன்றை மறக்க வேண்டாம். விதை எடுத்தபின்னும் ஏறத்தாழ ஆறு வாரம் வரை அதனால் பெட்டையைச் சினையாக்க முடியும்.

ஈரோடு புதியவன்

கடுவனுக்கு விதையை எடுக்காமல் குழாயை மட்டும் கட்டிவிட்டால் இரண்டு தரப்புக்கும் ஒத்துவருமே?

நாமக்கல் கால்நடை மருத்துவர்

செய்யலாம். குட்டி பிறக்காது. ஆனால் அலைவதும் சண்டையும் ஒட்டும் கட்டியும் அப்படியே இருக்கும்.

மூலனூர் பட்டிக்காரர்

எல்லார் சொன்னதையும் வீட்டில் வைத்துப் பேசி முடிவெடுத்துவிட்டோம். பெட்டை ஈனட்டும், பால் மறந்ததும் அறுவை. மகளின் லாப்ரடாருக்கு ஒரு வயது வரை பொறுப்பது. கடுவனை ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இரவில் நீளச் சங்கிலியில் பட்டியோடு கட்டிவைப்பது. இரண்டு வயது ஆனபின்னும் தோட்டத்தைத் தாண்டி அலைந்தால் அதற்கும் செய்துவிடுவது. பட்டியைவிட்டு அகலவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவது. அலைகிற நாய் எப்படியும் காவல் காக்கவில்லை என்பதால், கெடுவதற்கு அங்கே காவல் எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது பெரியப்பாவுக்கே மறுத்துப் பேச வாய் வரவில்லை. குட்டிகளை ஆள் பார்த்துத்தான் கொடுப்பேன்.

சிங்காநல்லூர் வாசகி

நன்று அண்ணா. பெட்டைக் குட்டிகளை யாருக்குக் கொடுத்தாலும், வயது வந்ததும் அறுவை செய்கிறோம் என்று ஒப்புக்கொள்பவர்களுக்கே கொடுங்கள். ஆள் கிடைக்காத குட்டி இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கோவையில் தேடித் தருகிறேன். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். பட்டி நாய்களுக்குக் கழுத்துப்பட்டையும் போட்டுவிடுங்கள். தெருநாய்க்குக் கருத்தடை செய்ததும் காதில் வெட்டு வைப்பார்கள். உங்கள் நாய்க்கு அது தேவையில்லை, ஆனால் ஊருக்குள் போய்ப் பிடிபட்டால் பட்டை இல்லாத நாயைத் தெருநாய் என்றுதான் கொள்வார்கள்.

காவிரிக்கரையான்

ஒரு கடுவன் குட்டியை எனக்குச் சொல்லி வையுங்கள் தம்பி. தகப்பன் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

மூலனூர் பட்டிக்காரர்

தருகிறேன் மாமா, ஆனால் கடுவனோடு ஒரு பெட்டையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். வயது வந்ததும் அறுவைக்கு நானே வண்டி வைத்துக் கூட்டிப்போகிறேன்.

காவிரிக்கரையான்

பெட்டையை எடுத்துக்கொள்கிறேன், அறுவைக்கும் சம்மதம். கடுவனைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் பேச வேண்டாம்.